திருப்பி அழைக்க முடியாத கப்பல்கள்

போன மாதம் வயர்லெஸ் அறைக்கு முதல்முறை வந்த நீங்கள் மூன்று பேரும் என் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். திரையில் கறுப்பு வானம், முப்பது நாற்பது நட்சத்திரங்கள், நடுவே எறும்பு அளவில் நாலு கப்பல். எங்கள் அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து விளையாட்டாயிற்றே, இன்னுமா இதை ஆடுகிறீர்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டார். பொழுது போக வேண்டாமா தம்பி என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, மைக்கும் உங்கள் கைக்கு வந்தாகிவிட்டது. உண்மையைச் சொல்லாமல் நாற்காலியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது நன்றாக இருக்காது என்பதால் இதை எழுதுகிறேன். வயர்லெஸ் செட்டை எப்படித் திருகுவது, எந்தச் சானலில் யார் வருவார்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை ஒரு வாரத்தில் நீங்களே பழகிக்கொள்வீர்கள்.

நான் கடற்கரைக்காரன் இல்லை. இராமநாதபுரத்துக்குத் தெற்கே சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் நெல்லும் மிளகாயும் போடும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எழுபத்து நாலில் பட்டாளத்துக்குப் போய், சிக்னல் பிரிவில் பதினைந்து வருடம் காதில் ஹெட்போனோடு இருந்துவிட்டுத் திரும்பியவன். இராமேஸ்வரம் தீவில் விசைப்படகுக்காரர்கள் சங்கம் ஒன்றில் வயர்லெஸ் பார்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கப் பயப்படுகிற ஒருவன் படகுகளுக்குக் கடல் நிலவரம் சொன்னால் மீனவர்கள் கேலி செய்யாமல் இருப்பார்களா? நனையாத மாலுமி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் கடைசிவரை நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் படகுப் பட்டியல் வைத்துக்கொள்வதற்காகச் சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதைப் பழுதுபார்க்க இராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எதற்கும் அவசரப்படாதவர். தன் பேரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் வேலையை முடித்துவிட்டு, நாலு பிளாப்பி போட்டு இந்த விளையாட்டை ஏற்றினார். டூட்டியில் விளையாட்டா என்று முறைத்தேன்.

"டூட்டியில ஆடுறதுக்குன்னே செஞ்ச மாதிரி கேம் இது ஒண்ணுதேண்ணே. நீங்க பொத்தான அமுக்குற வரைக்கும் அங்கன ஒண்ணும் அசையாது. நாலு மணி நேரம் எந்திரிச்சுப் போயிட்டு வாங்க, எதிரி ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பான்" என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆட்டத்தின் நடுவில் செட் கூப்பிட்டால் அப்படியே விட்டுவிட்டு மைக்கை எடுப்பேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் என் கப்பல்கள் விட்ட இடத்தில் நிற்கும்.

ஆட்டம் இதுதான். உங்களுக்கு ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றி ஒரு உலகம். அங்கே தொழிற்சாலை கட்டலாம், கப்பல் கட்டலாம், ஆராய்ச்சி செய்யலாம், பக்கத்து நட்சத்திரத்துக்கு ஆட்களை அனுப்பிக் குடியேற்றலாம். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு அடுத்த சுற்று என்ற பொத்தானை அமுக்கினால், நீங்களும் எதிரிகளும் ஒரே நேரத்தில் ஓர் அடி நகர்வீர்கள். பிறகு மறுபடி எல்லாம் நின்றுவிடும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் மருமகன் ஆடும் சுடுகிற விளையாட்டில் நான் அரை நிமிடத்தில் செத்துப்போவேன். அது விரலுக்கு வைத்த பரீட்சை. இது விரலைப் பார்ப்பதில்லை, நீங்கள் எடுத்த முடிவை மட்டும் பார்க்கிறது. இருபதாவது சுற்றில் சோம்பேறித்தனமாக எடுத்த முடிவு தொண்ணூறாவது சுற்றில் வந்து கழுத்தைப் பிடிக்கும். எதிரியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் அமுக்கியது நம் கைதான் என்பது நமக்குத் தெரியும். படத்துக்காகப் பேர் வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் அதைவிட நல்ல படம் வந்ததும் போன இடம் தெரியவில்லை. புள்ளிகளை வைத்து ஆடும் இதற்கு வயதாக வழியே இல்லை. இன்னும் ஒரே ஒரு சுற்று, அதோடு எழுந்துவிடலாம் என்று நினைத்து மதியச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிட்ட நாட்கள் உண்டு. வீட்டம்மா டிபன் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டு, சம்பளம் கடலைப் பார்க்கவா ஆகாயத்தைப் பார்க்கவா என்று கேட்பாள்.

ஒரு விதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தூரம் அதிகம். கப்பல் போய்ச்சேர ஐந்து சுற்று, சில சமயம் பத்து சுற்று ஆகும். கிளம்பிவிட்டால் நடுவழியில் அதைத் திருப்பி அழைக்க முடியாது. போகிற இடத்தில் எதிரி கூட்டமாக நிற்பது மூன்றாவது சுற்றில் தெரிய வந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. அது போய்ச் சேர்ந்து அழிவதை ஒவ்வொரு சுற்றாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் வருடம் இப்படி நிறையக் கப்பல்களை இழந்தேன். அதற்குப் பிறகு, எதையும் அனுப்புவதற்கு முன் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரப் பழகினேன்.

அந்தப் பழக்கம் வேலையில் கைகொடுத்தது. ஒருமுறை ஒரு விசைப்படகில் இன்ஜின் நின்று, காற்று அதை இலங்கை எல்லைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. செட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். படகு முதலாளி என் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடுங்குகிறார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். யார் எங்கே இருக்கிறார்கள், யாரிடம் டீசல் இருக்கிறது, யார் வலையை ஏற்றிவிட்டார்கள் என்று எழுதினேன். முதலாளி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். எழுதி முடித்ததும் தெரிந்தது, அதிகமாகச் சத்தம் போட்ட படகுகள் எல்லாம் தூரத்தில் இருந்தன. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு படகு. அந்த முதலாளியோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் என்பதால் அவர்கள் வாயே திறக்கவில்லை. பேர் சொல்லி அவர்களைக் கூப்பிட்டேன். போய்க் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு மரியாதை கூடியது. நனையாத மாலுமி கையில் மைக் இருந்தால் கவலை இல்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். நெருக்கடி வந்தால் தாளை எடுத்து எழுதி யாரையும் எங்கிருந்தும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு எனக்குள் ஊறிவிட்டது. தலைக்கனம் என்று சொன்னாலும் தப்பில்லை.

எங்கள் கடலின் நடைமுறை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலுக்குப் போவதில்லை. வலை அறுபட்டுச் சண்டை வரக்கூடாது என்று நாளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். காற்றினால் உங்கள் நாள் வீணானால் வீணானதுதான், மறுநாள் அடுத்தவருடையது. விசைப்படகுகளில் செட் உண்டு. நாட்டுப்படகுக்காரர்களின் வள்ளங்களில் அப்போது கிடையாது.

தொண்ணூற்றேழு கார்த்திகையில் ஒரு காலை. நாட்டுப்படகு நாள். அதற்கு முன்னால் அவர்களுக்கு வந்த மூன்று நாட்களும் வாடைக்காற்றில் போய்விட்டன. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. காலை வானிலை அறிக்கையில் எச்சரிக்கை எதுவும் இல்லை, ஆனால் வடகிழக்கில் ஒரு தாழ்வு நிலை இருக்கிறது, அது எந்தப் பக்கம் நகரும் என்பது மதிய அறிக்கையில்தான் தெரியும் என்ற நிலைமை. ஐந்து வள்ளங்கள் கிளம்பத் தயாராக நின்றன. அவர்கள் எங்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அன்று எல்லோருக்குமாகக் கேட்க வந்தவர் ஜெபமாலை. முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் அவர் மச்சானும் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள்.

"நீரோட்டம் ஒரு மாதிரியா இருக்குண்ணே. மதிய அறிக்க வரட்டும்னு நிப்பமா?" என்று கேட்டார்.

நான் அப்போது விளையாட்டில் மூழ்கி இருந்ததாக ஊரில் சிலர் பிற்பாடு சொன்னார்கள். அப்படி இருந்திருந்தால்கூட ஒரு சாக்கு கிடைத்திருக்கும். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. மூன்று நாள் வீணானதை நினைத்துப் பார்த்து, அவர் முகத்தையும் பார்த்து, யோசித்தேதான் பதில் சொன்னேன்.

"போங்க. அறிக்கை மாறுனா நான் கூப்புட்டுக்கிறேன்."

ஜெபமாலை தலையை ஆட்டிவிட்டுப் போனார். எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. நான் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னால் அதற்கு ஏதோ வழி வைத்திருப்பேன் என்று நம்பியிருப்பார். விசைப்படகுக்காரர்களிடம் அந்த வாக்கியத்தை எத்தனையோ காலைகளில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் அது உண்மை. அதே வாய்ப்பழக்கத்தில் இவரிடமும் சொல்லிவிட்டேன்.

மதியம் ஒன்றரை மணிக்கு அறிக்கை வந்தது. கடலுக்குப் போக வேண்டாம், போனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். மைக்கை எடுத்து ஜெபமாலையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கரைக்குத் திரும்பச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். பதில் இல்லை. நாலாவது முறை கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது, வள்ளத்தில் செட் இல்லை. விசைப்படகில் யாரையாவது பக்கத்தில் போய்ச் சொல்லச் சொல்லலாம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தனை விசைப்படகும் கரையில் கட்டிக்கிடந்தன. அன்று அவர்களுடைய நாள் இல்லை. என் குரலைக் கேட்க அந்தக் கடலில் ஒரு காதும் இல்லை.

கப்பலை அனுப்பினால் திருப்பி அழைக்க முடியாது என்பதை இரண்டு வருடமாகத் திரையில் படித்தவன் நான். டீ குடித்துவிட்டு வந்து பொத்தானை அமுக்குகிறவன் நான். ஐந்து வள்ளத்தை அப்படி அனுப்பியிருக்கிறேன் என்பது மதியம் ஒன்றரை மணிவரை எனக்குத் தெரியவில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

சங்கத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அரை மணி நேரத்தில் நாலு விசைப்படகுகள் கிளம்பின. இது எங்கள் நாள் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு அறைக்கு வந்து மறுபடி மைக்கை எடுத்தேன். ஜெபமாலையைக் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே கூப்பிட்டேன். நிறுத்திவிட்டால் அவர் செத்துவிட்டார் என்று நானே முடிவு செய்ததுபோல் ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. தேடிப்போன விசைப்படகுகளில் செட் இருந்தது. அதிலிருந்தவர்கள் சாயங்காலம் வரை என் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் தேடினார்கள்.

இருட்டுவதற்கு முன் நாலு வள்ளங்கள் வந்து சேர்ந்தன. மூன்றாம் நாள் மச்சானின் உடல் தேவிபட்டினம் பக்கம் ஒதுங்கியது. ஜெபமாலை கிடைக்கவே இல்லை.

விசாரணை நடந்தது. என் பதிவேட்டைப் பார்த்தார்கள். காலை அறிக்கையை வார்த்தை பிசகாமல் எழுதியிருந்தேன், அதில் எச்சரிக்கை இல்லை. மதிய அறிக்கை வந்த நிமிடத்திலேயே நடவடிக்கை எடுத்ததும் இருந்தது. கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நான் சொன்னதைப் பதிவேட்டில் எழுத இடம் கிடையாது. அதைக் கேட்டவர் ஜெபமாலை ஒருவர்தான். என்மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பட்டாளத்துக்காரன் அல்லவா, பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

எட்டாம் நாள் ஜெபமாலையின் மனைவி ரெஜினா அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அன்னைக்கு என்ன நெனச்சுண்ணே அவுகளப் போகச் சொன்னீக?" என்று கேட்டாள்.

காலை அறிக்கையில் ஒன்றும் இல்லையம்மா என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. சரிண்ணே வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த விளையாட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. தோற்றால் பத்துச் சுற்று பின்னால் போய் வேறு மாதிரி ஆடலாம். கப்பலை அனுப்புவேன், அது அழியும், பின்னால் போவேன், அனுப்பாமல் இருப்பேன். கப்பல் பிழைத்துக்கொள்ளும். மறுபடி பின்னால் போவேன். ஒரே இடத்தை நாள் முழுக்க அப்படி ஆடியிருக்கிறேன். ஏதோ வேலையாக வந்த மெக்கானிக் பின்னால் நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறார். நீங்கள் ஆடவில்லை, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். கோபத்தில் அவரை வெளியே போகச் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்து, பின்னால் போவதை அன்றோடு விட்டேன். தோற்றால் தோற்றதுதான்.

வேலையிலும் ஒன்றை விட்டேன். கூப்பிட்டுக்கொள்கிறேன் என்ற பேச்சை அதன்பின் யாரிடமும் பேசவில்லை. போகலாம், அல்லது வேண்டாம். நடுவில் எதுவும் கிடையாது. ஒரு தை மாதம் அப்படி நான் வேண்டாம் என்று சொல்ல, கடல் நாள் முழுக்கக் குளம்போலக் கிடந்தது. அடுத்த வாரம் முழுதும் என்னை மரியாதை இல்லாமல் ஏலே, வாலே என்று பேசினார்கள், கூலிக்குப் போகிறவர்கள் என் அறைப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார்கள். துப்பட்டும். நீங்களும் துப்பல் வாங்குவீர்கள். வாங்கிக்கொண்டு மறுநாளும் சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கரையில் நின்றவன் துப்புவான், போய்த் திரும்பாதவன் ஒன்றும் செய்ய மாட்டான்.

சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர் மாறியது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் எதையோ செய்து பழைய விளையாட்டைப் புது மெஷினில் ஓட வைத்துக் கொடுத்தார். அதைவிட நல்லது எத்தனையோ வந்துவிட்டது என்பார். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. காரணம் கேட்டீர்கள் அல்லவா? நிஜ வேலையில் ஒரு தவறு நடந்தால் ஒளிந்துகொள்ள எத்தனையோ இடம் இருக்கிறது. அறிக்கை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, காற்று இருக்கிறது. இந்த ஆட்டத்தில் எதுவும் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்க விட்டார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை, பொத்தானை நான்தான் அமுக்கினேன். தோற்றால் அதைத் தவிரச் சொல்வதற்கு வேறு எதுவும் மிஞ்சாது. பன்னிரண்டு வருடம் திரைக்கு முன்னால் அதை ஒப்புக்கொண்டு பழகினேன். ஒப்புக்கொள்ள வேண்டிய ஆள் கால் கிலோமீட்டர் தூரத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். பார்த்தால் நான் தலையாட்டுவேன், அவளும் தலையாட்டுவாள்.

தம்பிகளே, நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த நாற்காலியில் ஒருநாள் தப்பு செய்யத்தான் போகிறீர்கள். அப்போது யாராவது வாசலில் வந்து நின்று கேட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். நான் செய்ததுபோல் செய்யாதீர்கள்.

வேலையை விட்டு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலை பத்து மணிவாக்கில் அவளிடம் போனேன். மணலில் விரித்த வலைமேல் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மதிய அறிக்கைக்கு நிற்கலாமா என்று ஜெபமாலை கேட்டதையும், கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நான் அனுப்பியதையும், வள்ளத்தில் செட் இல்லை என்பது எனக்கு மறந்துபோனதையும் சொன்னேன். அவள் கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "செட்டு இல்லாத வள்ளத்த நீங்க செட்டுல கூப்புட்டுக்கிட்டே இருந்தீகன்னு தேடப் போனவுக அன்னைக்கே வந்து சொல்லிட்டாக. எப்படி அனுப்புனீகன்னு அப்பவே வெளங்கிருச்சு."

தெரிந்துமா எட்டாம் நாள் வந்து கேட்டாய் என்றேன்.

"தெரிஞ்சுக்கிறதுக்கா வந்தேன்? அவுக கடைசியாப் பேசுனது ஒங்ககிட்டதான. நீங்க சொல்லியிருந்தா ஒங்க கூட ஒக்காந்து அழுதுருப்பேன். வேற யாரு கூட நான் அழுக?"